அம்மாவுக்காக 7-க்கு 4 அடி பாத்ரூமை மாத்தணும்: எதை உடைக்கணும், எதை விடலாம்?

வாசல்திண்ணை:

அம்மாவுக்கு 76 வயது. உயரம் 5 அடிக்குக் கொஞ்சம் கம்மி, எடை 72 கிலோ. இரண்டு முழங்காலும் தேய்மானம், இடது கால் ரொம்ப மோசம். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. வீட்டுக்குள் வாக்கர் வைத்து நடக்கிறார். ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து போவார்.

பாத்ரூம் 7-க்கு 4 அடி. கதவு 4 அடிப் பக்கத்தில், பி.வி.சி., உள்பக்கமாகத் திறக்கும். வாசலில் 3 அங்குல கிரானைட் படி. நுழைந்ததும் குளிக்கிற இடம், கடைசியில் கதவைப் பார்த்தபடி வெஸ்டர்ன் கமோடு. சீட்டின் மேல்பக்கம் தரையிலிருந்து 15½ அங்குலம். உட்கார்ந்தால் வலக்கைப் பக்கம் பெட்ரூமோடு பொதுவான 4½ அங்குலச் சுவர். கமோடின் நடுக்கோட்டிலிருந்து அந்தச் சுவர் 17 அங்குலம். இடப்பக்கம் 9 அங்குல வெளிச்சுவர். குளிக்கிற குழாய், கீசர் எல்லாம் அந்தப் பக்கம். தண்ணீர் இறங்கும் சல்லடை கமோடுக்கு இடப்பக்க மூலையில். தரையில் பளபள டைல்ஸ், வருவது போர்த் தண்ணி. வாளி, மக் குளியல்தான். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட மாட்டார்.

ஒருத்தர் எல்லா டைல்ஸையும் உடைத்துப் புதுசாகப் போடச் சொல்கிறார். இன்னொருத்தர், கண்ணாடியில் ஒட்டுவது மாதிரி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இரண்டு வாங்கி ஒட்டினால் போதும் என்கிறார். எது சரி? சீட்டை உயர்த்தும் பிளாஸ்டிக் வளையம் 2, 4, 6 அங்குலத்தில் கிடைக்கிறது. எதை வாங்க?

ரசமட்டம்:

ஒட்டுற கைப்பிடியை விட்ருங்க. அது காத்தை வெளியே தள்ளி நிக்குற சமாச்சாரம். டைல்ஸ் ஜாயின்ட் மேல பட்டா ஒட்டாது, உப்புப் படிஞ்ச டைல்ஸ்ல மெதுவா காத்து இறங்கும், இறங்குனது வெளியே தெரியாது. நேத்து பிடிச்சது இன்னைக்கும் பிடிக்கும்னு நம்பி 72 கிலோவை அதுல தொங்க விட முடியாது. டவல் ராடும் அதே கதைதான். அதுல இருக்கறது ஒரு அங்குல ஸ்க்ரூ.

கைப்பிடிக்கு எஸ்.எஸ். 304 (எவர்சில்வர் ரகம்) கம்பி வாங்குங்க, 32-லிருந்து 38 மி.மீ. விட்டம், சுவத்துக்கும் கம்பிக்கும் நடுவுல ஒன்றரை அங்குல இடைவெளி. அந்த இடைவெளி அதிகமானா, வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கும். 202 கிரேடு போர்த் தண்ணிக்குத் துரு பிடிக்கும். கடையில காந்தம் வச்சுக் காட்டுவாங்க, ஏமாறாதீங்க. 202, 304 ரெண்டுலயும் காந்தம் சரியா ஒட்டாது. மருந்து ஒரு சொட்டு விட்டு நிறம் பாக்குற டெஸ்ட் இருக்கு, அதைக் கேளுங்க.

இப்ப முக்கியமானது. கம்பியோட பாக்கெட்ல வர்ற ஸ்க்ரூ பெரும்பாலும் 50 மி.மீ. இருக்கும். டைல்ஸ் 8 மி.மீ., அதுக்குப் பின்னாடி கலவை 20–25 மி.மீ. ஆக 30 மி.மீ. செங்கல்லுக்கு வெளியவே போயிடுது. செங்கல்லுக்குள்ள மிச்சம் 20 மி.மீ.தான். இழுத்தா டைல்ஸோட சேர்ந்து வரும். 9 அங்குலச் சுவத்துக்கு 80-லிருந்து 100 மி.மீ. நைலான் பிளக், அதுக்கேத்த தடிச்ச எஸ்.எஸ். ஸ்க்ரூ தனியா வாங்குங்க.

ஓட்டை போடும்போது முதல்ல டைல்ஸ் பிட், சுத்தியல் மோடு இல்லாம. டைல்ஸ் தாண்டினதும் மேசன் பிட், சுத்தியலோட. கீழே ஒரு வெள்ளைக் காகிதம் பிடிச்சு விழுற தூளைப் பாருங்க. முதல்ல டைல்ஸ் தூள், அப்புறம் சாம்பல் நிறத்துல கலவை, அப்புறம் செங்கல் சிவப்பு. கடைசி வரை சாம்பலாவே வந்தா பிட் ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல இருக்கற ஜாயின்ட்ல போகுது. பழைய வீட்டு ஜாயின்ட் பிளக்கைப் பிடிக்காது. ஒன்றரை அங்குலம் மேலயோ கீழயோ தள்ளிப் போடுங்க.

பெட்ரூம் சுவர் 4½ அங்குலம்னு சொல்றீங்க. அதுல பிளக்கே வேணாம். சுத்தியல் மோடுல அந்தப் பக்கத்துப் பூச்சு பெயர்ந்து விழும், பிளக்குக்கும் பிடிமானம் பத்தாது. சுவரைத் துளைச்சு 8 மி.மீ. எஸ்.எஸ். போல்ட்டை மறுபக்கம் எடுங்க. பெட்ரூம் பக்கம் 4-க்கு 4 அங்குலத் தகடு, 5 மி.மீ. கனம், வாஷர், நட்டு. தகடு கண்ணுக்கு உறுத்துனா அதுக்குப் பதிலா ஒரு அங்குல தேக்குப் பலகை, கம்பியோட முழு நீளத்துக்கு. பாலிஷ் போட்டா அலமாரிக் கட்டை மாதிரி இருக்கும்.

முதல்ல ஒரு ரூபாய்க் காசால டைல்ஸைத் தட்டுங்க. வெறும் குடத்தைத் தட்டுற சத்தம் கேட்டா பின்னாடி கலவை இல்லை, நாலு மூலையில மட்டும் உருண்டை வச்சு ஒட்டியிருக்காங்க. அங்க ஸ்க்ரூவை முறுக்கினா டைல்ஸ் விரியும். போட்டு முடிச்சதும் வீட்டுலயே எடை கூடுன ஆள் ரெண்டு கையாலயும் இழுத்துத் தொங்கிப் பாக்கணும். அப்புறம்தான் அம்மா கை வைக்கணும்.

கைதாங்கல்:

நான் முதியோர் பிசியோதெரபி செய்கிறேன். ரசமட்டம் சொன்ன பலம் சரி. இடம் தவறினால் அந்தப் பலத்தால் பயனில்லை. கொத்தனார் தன் உயரத்துக்குக் கம்பியைப் போட்டுவிட்டுப் போவார். அம்மாவைத் தண்ணீர் இல்லாத காய்ந்த பாத்ரூமில், உடையோடு கமோடில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். கை தானாகச் சுவரில் எங்கே போகிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள். மூன்று முறை செய்தால் மூன்று டேப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். அதுதான் அளவு.

பொதுவாகக் கமோடு பக்கத்துக் கம்பியின் படுக்கைப் பகுதி சீட்டிலிருந்து 8–10 அங்குலம் மேலே வரும். அது கையை ஊன்றி எழ. நிமிர்ந்த பகுதி கமோடின் முன் விளிம்பிலிருந்து 8–10 அங்குலம் முன்னால். அது எழுந்த பிறகு நிலைக்க. இரண்டும் சேர்ந்த 'எல்' வடிவக் கம்பி உங்கள் சுவருக்குப் பொருந்தும். 17 அங்குலம் நல்ல தூரம். 24 அங்குலம் இருந்திருந்தால் உடம்பைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது சுவர்க் கம்பியை விடக் கமோடின் இரு பக்கமும் நிற்கும் சட்டமே மேல். சாய்வாகப் போடும் கம்பி அழகுதான். ஈரக் கை அதில் கீழ்நோக்கி வழுக்கும். வேண்டாம்.

சீட் உயரத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு அளவுகளில் 17–19 அங்குலம் என்று இருக்கும். 5 அடிக்குக் குறைவான பெண்ணுக்கு 19 வரை போனால் உயரம் அதிகம். செருப்பில்லாமல் நிற்கவைத்து முழங்காலின் பின் மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளங்கள். 15 அங்குலம் வந்தால் அதோடு ஒன்றரை, இரண்டு அங்குலம் கூட்டுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு அது போதும். அதாவது 16½–17. உங்கள் 15½ அங்குல சீட்டில் 2 அங்குல வளையம் வைத்தால் 17½ வரும்; கிடைக்கும் மூன்றில் அதுதான் நெருங்கிய அளவு. 4 அங்குலம் வைத்தால் எழுவது சுலபம் என்று தோன்றும், ஆனால் பாதம் தரையில் படாமல் தொங்கும். முக்க முடியாது, தொடைக்குக் கீழ் மரத்துப்போகும், இறங்கும்போது முன்னால் வழுக்குவார். வளையத்தைக் கமோடோடு இறுக்கும் திருகு இருக்கிறதா பாருங்கள். சும்மா மேலே வைக்கும் வகை, கழுவ ஒரு பக்கம் சாய்ந்தாலே கவிழும்.

குளிக்க, நாலு கால் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைப் போடாதீர்கள். ஈரத் தரையில் கால்கள் விரியும். கை வைத்த, கால் உயரம் மாற்றக்கூடிய அலுமினிய ஷவர் சேர் வாங்குங்கள். தரை வாட்டத்துக்கு ஏற்ப பின் கால்களை ஒரு துளை கூட்டியோ குறைத்தோ, ஆடாமல் நிறுத்தலாம். வாளி தரையில் இருந்தால் ஒவ்வொரு மக்குக்கும் குனிய வேண்டும். குனிந்து நிமிரும்போதுதான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றும். 16-க்கு 8-க்கு 6 அங்குல சாலிட் பிளாக் இரண்டைச் சேர்த்து வைத்து, மேலே டைல்ஸ் ஒட்டினால் 6 அங்குல மேடை ஆகிவிடும். வாளியின் வாய் கைக்கு எட்டும். குழாயிலிருந்து ஒரு ஹோஸ் போட்டு அங்கேயே நிரப்புங்கள். 20 லிட்டர் வாளி 20 கிலோ, அதை நகர்த்துகிற வேலையே அவருக்கு இருக்கக்கூடாது.

சல்லடைமூடி:

எல்லாரும் கம்பியைப் பத்தியே பேசுறீங்க, அந்த 3 அங்குலப் படியை யாரும் கவனிக்கல. வாக்கரோட முன்கால் படிக்கு அந்தப் பக்கம், பின்கால் இந்தப் பக்கம் நின்னா வாக்கர் சாயும். படியைத் தாண்டுறதுக்காக வாக்கரைக் கையில தூக்கும்போது அந்த நிமிஷம் அவங்க எதையும் பிடிக்கல. இந்த பாத்ரூம்ல முதல் ஆபத்து கமோடு இல்லைங்க, வாசல்தான்.

சரிவுப் பலகை போடலாம்னு யாராவது சொல்லுவாங்க. ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேணும். 3 அங்குலத்துக்கு 36. உங்க பெட்ரூம் நடைபாதையை அடைச்சுக்கும். படியை எடுக்கறதுதான் வழி. ஆனா படியைச் சும்மா வைக்கல. தண்ணி பெட்ரூமுக்குப் போகக் கூடாதுன்னு வச்சிருக்கு. அதனால முதல்ல வாட்டத்தைப் பாருங்க. ஒரு வாளித் தண்ணியைக் கதவோரம் ஊத்திட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு வந்து எங்க தேங்கி நிக்குதுன்னு சாக்பீஸால வட்டம் போடுங்க. கதவுல இருந்து சல்லடை வரை 7 அடி, அதாவது 2,100 மி.மீ.; நூத்துக்கு ஒண்ணு வாட்டம்னா 21 மி.மீ. இறக்கம் இருக்கணும். ரசமட்டக் கருவியும் ஒரு நீளப் பட்டையும் வச்சா அஞ்சு நிமிஷத்துல தெரியும்.

வாட்டம் சரியா இருந்தா எல்லா டைல்ஸையும் உடைக்க வேணாம். படியை மட்டும் எடுத்து, அரை அங்குலத்துக்குச் சரிவா முனை தேய்ச்ச கிரானைட் பட்டை. அதுக்கு உள்பக்கம் கதவு அகலத்துக்கு நீளச் சல்லடை, அதோட பைப் பழைய டிராப்புக்கு (சல்லடைக்கு அடியில நாத்தம் வராம தண்ணி நிக்குற கிண்ணம்) போற மாதிரி. அதுக்கு ஒரு அடி அகலத்துக்குத் தரையை உடைச்சாப் போதும், பைப் போற வழி தனி. அந்த இடத்துல வாட்டர்புரூஃபிங் திரும்பப் போடாம மூடுனா கீழ் வீட்டுக் கூரையில ஈரம் தெரியும். தனி வீடா இருந்தாலும் பெட்ரூம் சுவத்தடி பொரியும்.

வாட்டம் தப்பா, தண்ணி தேங்குதா? அப்ப தரையை மட்டும் உடைங்க. சுவர் டைல்ஸை எதுக்கு உடைக்கணும்? அந்த ஆளுக்குச் சதுர அடிக் கணக்குல கூலி, அதான். பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டலாம், ஆனா வாட்டமும் அப்படியேதான் வரும். தப்பான வாட்டத்து மேல ஒட்டுனா தப்பான வாட்டம்தான் மேல வரும்.

டைல்ஸ் 12-க்கு 12 அங்குலம் அல்லது அதை விடச் சின்னது, மேட் ஃபினிஷ், வழுக்காத தரத்துக்கான எண் ஆர்-10 இல்ல ஆர்-11னு கேளுங்க. சின்ன டைல்ஸ்னா ஜாயின்ட் அதிகம், ஜாயின்ட் அதிகமானா கால் பிடிக்கும். 2-க்கு 4 அடிப் பெரிய டைல்ஸ்ல வாட்டமும் சரியா வராது. ஜாயின்ட்டுக்கு எபாக்ஸி. சிமென்ட் ஜாயின்ட்டை நீங்க ஊத்துற ஆசிட் தின்னுடும், அந்தக் குழியில பாசி உட்காரும். அப்புறம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா போடாதீங்க. அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம், மூடுன பாத்ரூம்ல கேக்கவே வேணாம்.

வாசல்திண்ணை:

நன்றி. தட்டிப் பார்த்தேன். பெட்ரூம் சுவரில் கமோடுக்கு நேர் உயரத்தில் இரண்டு டைல்ஸ் வெற்றுச் சத்தம் கேட்கிறது. ஹெல்த் ஃபாசெட்டும் (கழுவுகிற கை ஸ்பிரே) அந்தச் சுவரில்தான் இருக்கிறது. கதவை வெளிப்பக்கமாக மாற்ற முடியுமா?

ரசமட்டம்:

அந்த ரெண்டு டைல்ஸை மட்டும் வெட்டி எடுத்து, முழுசா கலவை நிரப்பி, வேற நிறத்துல ரெண்டு டைல்ஸ் போடுங்க. அதே நிறம் கிடைக்காதுன்னு தேடி அலைய வேணாம். ஏழு நாள் தண்ணி காட்டிட்டு அப்புறம் ஓட்டை போடுங்க. ஹெல்த் ஃபாசெட்டுக்கு வர்ற பைப் பெரும்பாலும் அதோட ஆங்கிள் வால்வுக்கு (சுவத்துல இருக்கற சின்னத் திருகு வால்வு) நேர் மேலயோ நேர் கீழயோ, இல்ல படுக்கை வாட்டத்துல அதே உயரத்துலயோ போகும். அந்தச் சிலுவைக் கோட்டுல இருந்து 4 அங்குலம் விலகுங்க. மேல் டேங்க் வால்வை மூடிட்டு ட்ரில் பண்ணுங்க. ஓட்டைக்கு உள்ள சிலிகான் விட்டுட்டு போல்ட்டை ஏத்துங்க, இல்லாட்டித் தண்ணி சுவத்துக்குள்ள இறங்கி பெட்ரூம் பக்கத் தகடு துரு வழியும்.

கதவை மாத்தணும், கண்டிப்பா. உள்ளே விழுந்தவங்க கதவை அடைச்சுக் கிடந்தா நீங்க தள்ளத் தள்ள அவங்களைத்தான் நெரிக்கிறீங்க. பி.வி.சி. நிலையா இருந்தா நிலையையே கழட்டித் திருப்பி மாட்டிடலாம், அரை நாள் வேலை. மர நிலைன்னா காடி (கதவு பொருந்தி நிக்குற பள்ளம்) உள்பக்கம் இருக்கும், வெளிப்பக்கம் ஒரு பட்டை அடிச்சு ஆசாரி சரி பண்ணுவார். உள்தாழ்ப்பாளைக் கழட்டிடுங்க. வெளியே இருந்து காசு வச்சுத் திருப்பித் திறக்குற லாட்ச் போடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி, கதவு முழுசா திறந்த பிறகு கிடைக்குற வழியை டேப் வச்சு அளங்க. வாக்கர் அகலத்தை விட 2 அங்குலமாவது அதிகமா இருக்கணும். 30 அங்குலக் கதவுன்னா 30 அங்குல வழி கிடைக்காது. நிலையும் கதவுக் கனமும் 4–5 அங்குலம் தின்னுடும்.

ஃபியூஸ்கட்டை:

கரன்ட் பக்கம் மூணு விஷயம். கீசர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா உடனே துண்டிக்குற சுவிட்ச்) இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல இருக்கற 'டி' பட்டனை மாசம் ஒருக்கா அமுக்குங்க, விழுந்தாத்தான் அது உயிரோட இருக்கு. கீசர் தெர்மோஸ்டாட்டை 50-க்குக் கீழ இறக்குங்க. 60 டிகிரித் தண்ணி சில விநாடியில தோலை வேகவைக்கும்; சர்க்கரைக்காரங்க காலுக்குச் சூடு உறைக்காமலே போகலாம். வாளியில எப்பவும் பச்சைத் தண்ணி முதல்ல, வெந்நீர் அப்புறம். வாட்டர் ஹீட்டர் ராடு வீட்டுல இருந்தா பாத்ரூமுக்குள்ள அதுக்கு வேலை இல்ல.

வயர்லெஸ் காலிங்பெல் ஒண்ணு வாங்கி, தண்ணி புகாத பட்டனைக் கமோடு பக்கம் தரையிலிருந்து 10 அங்குல உயரத்துல ஒட்டுங்க. எல்லாரும் கை உயரத்துல ஒட்டுவாங்க. விழுந்து கிடக்குற ஆளுக்கு அது எட்டாது. கட்டில்ல இருந்து பாத்ரூம் வரை சென்சார் லைட், தரையிலிருந்து ஒரு அடியில, மஞ்சள் வெளிச்சம். நேரா கண்ணுல படுற மாதிரி வெள்ளை எல்.இ.டி. போட்டா தூக்கத்துல எழுந்தவங்களுக்குக் கண் கூசி ஒண்ணும் தெரியாது.

கைதாங்கல்:

எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நிற்காது. எண்ணெயைப் பெட்ரூமில் நாற்காலியில் உட்கார்ந்தே தேய்க்கட்டும். உள்ளங்காலுக்கு மட்டும் வேண்டாம். பாத்ரூமுக்குப் போகும் முன் பாதத்தைப் பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். குளித்து முடித்தவுடன் எழுந்துவிடக் கூடாது. சேரில் உட்கார்ந்தபடியே காலில் சீயக்காய் தேய்த்துக் கழுவட்டும். அதன் பிறகு நீங்கள் உள்ளே போய்ச் சேரைச் சுற்றியும் கதவு வரையும் மீதிச் சீயக்காயையும் வெந்நீரையும் போட்டுத் துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் எண்ணெய் பரவும், போகாது. சோப்பும் அப்படித்தான்: போர்த் தண்ணியின் சுண்ணாம்போடு சேர்ந்து தரையில் மெழுகு மாதிரி படியும். வாரம் இரு முறை தேய்த்தால்தான் மேட் டைல்ஸும் மேட்டாக இருக்கும்.

கீழே உறிஞ்சு குமிழ் உள்ள ரப்பர் மிதியடி பளபள டைல்ஸில் பிடிக்கும், மேட் டைல்ஸில் பிடிக்காது. புதுத் தரை போட்டால் பழைய மிதியடியைத் தூக்கிப் போடுங்கள். வெளியே கிடக்கும் துணி மிதியடியையும்தான். வாக்கர் காலில் முதலில் சுருள்வது அதுதான்.

வாசல்திண்ணை:

வாசல் பக்கம் நிமிர்ந்த கம்பி எந்தப் பக்கம் போடணும்? இடது கால்தான் மோசம். பாத்ரூமுக்குள் வாக்கரைக் கொண்டுபோகலாமா?

கைதாங்கல்:

உள்ளே போகும்போது வலப்பக்கம் ஒன்று, வெளியே வரும்போது வலப்பக்கம் ஒன்று. அதாவது வாசலின் இரு பக்கமும். உள்ளே போகும்போது பிடித்த கை, திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் ஆகிவிடும் என்பதை நிறையப் பேர் மறந்து ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நீளம் 18 அங்குலம், நடுப்பகுதி அவர் முழங்கை உயரத்தில். படியை அரை அங்குலத்துக்கு இறக்கினாலும் கம்பி வேண்டும்.

வாக்கர் கமோடு வரை போகட்டும், எழுந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்கட்டும். எழும்போது அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, கவிழும். கம்பியில் ஊன்றி எழுந்து, நின்று, பிறகு வாக்கர். ராத்திரிக்கு, கட்டிலருகே கமோடு சேர் வைக்க ஒப்புக்கொண்டால் பாதித் தொல்லை போச்சு. ஒப்புக்கொள்ளாவிட்டால், எழுந்து கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நடக்கட்டும். நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அதைக் காலையில் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

விழுந்துவிட்டால் அக்குளில் கை கொடுத்து உடனே தூக்காதீர்கள். ஒரு கால் மற்றதை விடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தலை இடித்திருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

சல்லடைமூடி:

ஒண்ணு விட்டுப்போச்சு. வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கமோடு, வெள்ளிக் கம்பி. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். வேலை முடிஞ்சதும் போன்ல கறுப்பு வெள்ளை மோடுல ஒரு படம் எடுங்க. படத்துல கம்பி தெரியலைன்னா அம்மாவுக்கும் தெரியாது. கம்பியில கலர் கிரிப் டேப் சுத்துங்க, சீட்டைக் கரு நீலத்துல மாத்துங்க. வாக்கர், ஷவர் சேர் ரெண்டோட கால் ரப்பரையும் கவுத்துப் பாருங்க. அடியில வட்டமா வரி இருக்கும், வரி தேஞ்சு வழவழன்னு ஆகியிருந்தா அன்னைக்கே மாத்திடுங்க. வாங்கும்போதே கூட ஒரு செட் வாங்கி வையுங்க. அளவு கால் குழாயோட வெளிவிட்டம், 22, 25 மி.மீ.ன்னு வரும், கழட்டுன ரப்பரையே கையோட எடுத்துட்டுப் போங்க.